எஞ்சினுக்குப் பவுடர்

இரும்பு ஒரு முறை தண்ணீரைத் தன் வீட்டில் தங்க அழைத்ததாம். "உனக்கு எலும்பே இல்லை, எந்த மூலையிலும் ஒடுங்கிக்கொள்வாய். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக இரு" என்றது. தண்ணீரும் இருந்தது. ஒரு விடியற்காலையில் குளிர் வந்து சேர்ந்தது. "கை கால் நீட்டிப் படுக்க வேண்டும் போலிருக்கிறது" என்றது தண்ணீர். "இடமில்லை" என்றது இரும்பு. தண்ணீர் காலை நீட்டியது. சுவர் பிளந்தது.

தொண்ணூறுகளின் நடுவே, குவைத்தில் ஜஹ்ராவைத் தாண்டிய பாலைவெளியில், ஒரு ஜனவரி மாத வியாழக்கிழமையன்று நடந்ததும் இதுதான். அங்கே அபு ஈசா என்ற குவைத்தியருக்கு ஆட்டுப் பண்ணை ஒன்று இருந்தது. வண்ணம் பூசுவதற்காக அவருடைய மீன்பிடிப் படகை டிரெய்லரில் ஏற்றி அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் அதைக் கடலில் இறக்குவதற்காக அவரும் மெக்கானிக் அருள்ராஜும் அன்று காலை ஜீப்பில் வந்து இறங்கியபோது, ஆடு மேய்க்கும் மாயாண்டி எதிரே ஓடிவந்தார்.

"அருளு! ஆட்டுத்தொட்டிக்கு ராவோட ராவா எவனோ கண்ணாடி போட்டுட்டுப் போயிருக்கான்யா! ஆடெல்லாம் மூஞ்சி பாத்துக்கிட்டு நிக்குது!"

அருள்ராஜ் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் படகை நோக்கி ஓடினார்.

அருள்ராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடலுக்குப் போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவி, உப்புக் காற்று உள்ளே புகாதபடி அதே தண்ணீரை நிரப்பி மூடி வைப்பது அவர் பழகிய முறை. தூத்துக்குடியில் தண்ணீர் உறைந்து எவரும் கண்டதில்லை. ஆகவே அம்முறையில் குற்றம் கண்டவரும் இல்லை. இப்போது எஞ்சினின் வார்ப்பிரும்புச் சுவரில் கையளவு நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதன் இடுக்கிலிருந்து பனிக்கட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அபு ஈசா குனிந்து பார்த்தார். அரபியும் இந்தியும் கலந்து, குரலை உயர்த்தாமலே சொன்னார்: "நாளைக் காலை என் தம்பிகள் எல்லாரும் தங்கள் படகுகளை இறக்குகிறார்கள். என் படகு கரையில் நின்றால் நீ விமானத்தில் இருப்பாய். கலாஸ், அவ்வளவுதான்."

அருள்ராஜின் மனைவி ஜெயமணி குவைத்திலேயே ஃபர்வானியாவில் நர்ஸ். கல்யாணமான நாள் முதல் அவள் இங்கும் அவர் அங்குமாக வாழ்ந்துவிட்டு, இந்த விசா கிடைத்த பிறகுதான் இருவரும் ஓர் அறையில் ஒன்றாகச் சோறு உண்ணத் தொடங்கியிருந்தார்கள். விமானம் என்றால் அந்தச் சோற்றுத் தட்டுகள் மறுபடியும் பிரியும். அருள்ராஜ் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

"வெல்டிங் வச்சு ஒட்டிடுப்பா" என்றார் மாயாண்டி.

"வார்ப்பிரும்புண்ணே. ஒரு பக்கம் சூடு வச்சா மறுபக்கம் விரிஞ்சிரும். தைக்கத்தான் செய்யணும்."

"இரும்பைத் தைக்கிறதா? ஒம் பொஞ்சாதிக்கிட்ட ஊசி நூலு வாங்கியாரவா?"

"மொதல்ல அந்த ஜெனரேட்டரைப் போடுங்கண்ணே."

விரிசல் மேலும் ஓடாதபடி அதன் இரு முனைகளிலும் துளையிட்டார். பின்னர் விரிசலின் மேலேயே ஒரு துளை. அதில் மரை வெட்டி, ஒரு திருகை இறுக முறுக்கி, தலையை அறுத்தார். அடுத்த துளை முந்தின திருகைச் சற்றே கடித்தபடி அமைந்தது. இப்படி ஒன்றையொன்று பற்றிக்கொண்ட திருகுகள் விரிசலை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அடைத்தன. சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன் செய்தார். ஹோஸ் குழாய் வழியாக உள்ளே தண்ணீரை நிரப்பினார்.

தையல் கசியவில்லை. "யல்லா!" என்று மாயாண்டி கை தட்டினார். அப்போது எஞ்சினின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பின்னர் இன்னொன்று.

எங்கிருந்து வருகிறது என்பது கண்ணுக்குப் புலப்படவில்லை. அபு ஈசா அந்தச் சொட்டைப் பார்த்துவிட்டுப் பண்ணையில் இருந்த தன் கூடாரத்துக்குத் திரும்பினார்.

"மண்ணெண்ணெய் ஒங்க ஹீட்டர்ல இருக்கும். சாக்பீஸ் பொடி இருந்தாத் தூவிக் கண்டுபுடிச்சிரலாம்ணே."

"ஆட்டுக்கு நான் பாடமா நடத்துறேன்? மாஃபி, இல்லவே இல்ல."

அருள்ராஜின் பார்வை கொட்டகைக்குள் போயிற்று. அங்கே மாயாண்டியின் லீவுப் பெட்டி இருந்தது. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறவரின் பெட்டி; முழங்காலால் அழுத்தி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் வரிந்து கட்டி, 'மாயாண்டி, சிவகங்கை' என்று சிவப்பு மையால் எழுதியிருந்தது.

"அண்ணே, அதுல பவுடர் டப்பா இருக்குமே?"

"யோவ்! அது எம் மக பானுப்பிரியாவுக்கு வாங்குனது. ஒன் எஞ்சினை என்ன, பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

அருள்ராஜ் சொட்டு விழும் இடத்தைக் காட்டினார். மாயாண்டி அவர் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு நா பூராக் கட்டுன கயிறுய்யா" என்று முனகிக்கொண்டே கத்தியை எடுத்து அறுத்தார்.

தண்ணீரை வடித்துவிட்டு, சுவர் முழுவதும் மண்ணெண்ணெய் பூசி, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் ஊறவிட்டார்கள். பிறகு நன்றாகத் துடைத்துப் பவுடரைத் தூவினார்கள். வெள்ளை முகத்தோடு எஞ்சின் நின்றது. சிறிது நேரத்தில், உள்ளே ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே ஊறி, தலைமுடி போன்ற ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்தது. அது அருள்ராஜ் முனை என்று நம்பித் துளையிட்ட இடத்தைத் தாண்டி, எஞ்சினைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கு அடியில் போய் மறைந்தது.

"அந்தா போறாம்பா திருடன்!" என்று மாயாண்டி கூவினார்.

பட்டையைக் கழற்றி, உண்மையான முனையைக் கண்டுபிடித்து, அங்கே துளையிட்டுத் தைத்தார்கள். மறுபடியும் தண்ணீரை நிரப்பிப் பவுடரைத் தூவினார்கள். இம்முறை அந்த முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை, டூட்டி முடிந்த கையோடு ஜெயமணி கடற்கரைக்கு வந்துவிட்டாள். தம்பிகளின் படகுகள் ஏற்கெனவே தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. அபு ஈசா சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, செருமியது, பின்னர் முழுக் குரலில் பாடத் தொடங்கியது. சூடேறியதும், இடுக்குகளில் தங்கியிருந்த பவுடரின் மணம் காற்றில் பரவியது.

"அண்ணே, படகு கல்யாணத்துக்கா கிளம்புகிறது?" என்று ஒரு தம்பி அரபியில் கத்தினார்.

"ஆமாம்! நீ பின்னால் ஊர்வலமாக வா!" என்றார் அபு ஈசா. படகு மூக்கை உயர்த்தியது. ஒவ்வொரு தம்பியையும் கடந்து, அவர்கள் முகத்தில் நுரையை வாரி இறைத்துவிட்டு முன்னே பாய்ந்தது. கரையில் மாயாண்டி தலைத்துண்டைக் கழற்றிச் சுழற்றினார். ஜெயமணி டூட்டி உடையிலேயே குதித்தாள்.

திரும்பி வந்த அபு ஈசா எஞ்சினுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். விரல்களை முகர்ந்தார், சிரித்தார்.

"அருள், டிக்கெட் மாஃபி."

"எனக்கு டிக்கெட் உண்டு முதலாளி, அடுத்த வாரம்!" என்று மாயாண்டி பதறினார். "பவுடருந்தான் வேணும்!"

"பெரிய டப்பா" என்றார் அபு ஈசா.

அருள்ராஜ் எஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவினார். வழக்கம்போல் எஞ்சினின் வடிகுழாயை மூடப் போன கை நின்றது. அதை முழுவதுமாகத் திறந்துவிட்டது. தண்ணீர் துள்ளிக் குதித்து மணலில் ஓடியது. ஜெயமணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதில் காலை நனைத்தபடி, "இன்னைக்கு என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டாள்.