பதினேழாம் நம்பர் பொடி

எத்திராஜ் முதல் அடியை மாட்டுக் கயிற்றால் அடித்தான். கயிறு அவன் ஆத்திரத்துக்குப் போதவில்லை. பக்கத்தில் கிடந்த மண்வெட்டியின் காம்பைக் கழற்றி, பெண்டாட்டியின் தோளில் போட்டான். கங்கம்மா கோயில் வேப்பமரத்தடியில் வெங்கடம்மா சுருண்டு விழுந்தாள். சுற்றிலும் ஐம்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். ஒருவன்கூடக் குறுக்கே வரவில்லை.

"காப்பு கட்டின ஊர்ல மீனு துன்னியாடி? உன்னாலதான்டி எம்பொண்ணு மேல அம்மா எறங்கிக் கீது!"

புத்தலப்பட்டு கிராமத்தை ஒட்டிய அந்தக் காலனியில் கங்கம்மா ஜாத்திரைத் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால் ஒன்பது நாளைக்குக் கவுச்சி கூடாது. தெருவில் முட்டை ஓடு கிடந்தாலே பஞ்சாயத்துதான். மற்ற நாட்களில் மீன் தலையை முள் விடாமல் சப்புகிற ஆட்கள். காப்பு கட்டியதும் அத்தனை பேரும் சாமியார்கள். ஆறாம் நாள் காலையில் எத்திராஜின் ஆறு வயது மகள் உடம்பெல்லாம் முத்து முத்தாகப் பொரிந்து, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். அம்மை போட்டிருந்தது. அதற்கு யார் தலையையாவது உருட்டியாக வேண்டுமே.

ஜாத்திரைக்காகக் குவைத்திலிருந்து வந்திருந்த தம்பி தாமோதரன் அந்தத் தலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். அண்ணியின் அலமாரியில் வெள்ளைப் பொட்டலங்களும் ஒரு தெலுங்குத் தாளும் இருந்தன. ஊரில் தெலுங்கு பேசாதவர் இல்லை, படிக்கத் தெரிந்தவர்தான் குறைவு. அவன் நாலு பேர் நடுவில் நின்று உரக்கப் படித்தான். பொடியில் இருப்பது மீன் தோலிலிருந்து எடுத்த கொலாஜன் என்று அதில் அச்சடித்திருந்தது.

அந்தத் தாளில் வெங்கடம்மாவின் கைநாட்டை வாங்கியவள் ரூபா. அதே காலனிப் பெண், பாப்பாத்தியின் மகள். அப்பன் பெங்களூரில் வாட்ச்மேன். பி.எஸ்சி. முடித்துவிட்டு, திருப்பதியில் ஒரு தோல் ஆராய்ச்சி மையத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாள். வயதாவதால் சுருங்கும் தோலைக் கொலாஜன் பொடி நிமிர்த்துமா, ஈரம் தங்க வைக்குமா என்று அங்கே ஓர் ஆய்வு நடந்தது. நாற்பது பெண்கள், பன்னிரண்டு வாரம், தினமும் ஒரு பொட்டலம் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பாதிப் பேருக்குக் கொலாஜன், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது குடிக்கிறவளுக்கும் தெரியாது, கொடுக்கிறவளுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு அளவைக் கெடுத்துவிடும் என்பது அவர்கள் சாஸ்திரம்.

காலனியிலிருந்து ஐந்து பேரை ரூபா சேர்த்துவிட்டிருந்தாள். ஆள் குறைந்ததால் ஐந்தாவதாகத் தன் அம்மாவையே நுழைத்தாள். மையத்தில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பர்தான். இவர்கள் பதினேழு முதல் இருபத்தொன்று வரை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் அந்த நம்பரை வைத்தே கேலி. "இன்னாடி பதினேழு, உம் புருசன் திரும்பிப் பாக்கறானா?"

பதினேழு வெங்கடம்மா. வயது முப்பத்தெட்டு, மாம்பழக் கூழ் பேக்டரியின் ஆவியும் கரும்புத் தோட்டத்து வெயிலும் சேர்ந்து ஐம்பது என்று சொல்ல வைத்திருந்தன. எட்டாம் வாரம் அவள் கன்னத்தில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, ஈரம் ஏறிக் கீது, கண்ணோரச் சுருக்கமும் கொறஞ்சிருக்குது" என்று ரூபா சொன்னாள். வெங்கடம்மா பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாவம், தனக்கென்று அவள் பட்ட ஆசை அது ஒன்றுதான்.

மீன் என்று ரூபா சொல்லாமல் இல்லை, சேர்க்கும்போதே சொன்னாள். மாசி மாதத்தில் அது யாருக்குப் பெரிய விஷயம்? காப்பு கட்டிய பிறகும் பெண்கள் குடித்தார்கள். மருந்து கவுச்சியில் சேராது என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். 'ஒன்பது நாள் நிறுத்துங்கள்' என்று சொல்ல ரூபாவுக்குத் தோன்றவில்லை. அதே தெருவில் பிறந்து, அதே வேப்பிலையைக் கட்டிக்கொண்டு ஆடியவளுக்குத் தோன்றவில்லை! ஏசி ரூமில் மூன்று வருடம் உட்கார்ந்தால் புத்தி இப்படித்தான் விறைத்துப் போகும்.

பத்து மணிக்குப் பாப்பாத்தி போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"ரூபா, வெங்கடம்மாவ மரத்துல கட்டி அடிச்சிக்கினு கீறானுங்கடி. குறுக்க போயி விழுந்தேன், என் கையிலயும் ஒன்னு வுட்டான். தூக்க முடியல. சாயங்காலம் வரைக்கும் அவ தாங்க மாட்டா. அவ மீனு துன்னலன்னு நீ எதனா பண்ணு. உன்ன நம்பித்தானே கைநாட்டு வச்சா?"

 ஆய்வை நடத்தும் டாக்டர் ஹைதராபாத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தார், ரூபா அவரைப் போனில் கூப்பிட்டாள். யாருக்கு எந்தப் பொடி என்ற பட்டியல் மையத்தில் அவர் அலமாரியில் சீல் வைத்த கவரில் இருந்தது.

"பத்து வாரம் முடிஞ்சிருச்சும்மா. இப்பப் பிரிச்சா மொத்த ஆய்வும் குப்பை" என்றார் அவர். "அந்தக் காயத்துக்கும் நம்ம பொடிக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதி ஃபைல்ல வச்சிடு."

ஒரு மனுஷி மரத்தில் கட்டுண்டு ரத்தம் கக்குகிறாள், சம்பந்தமில்லையாம். ரூபா போனை வைத்தாள். கத்தரிக்கோலை விட்டு நெம்பி அலமாரியைத் திறந்தாள். கவரைக் கிழித்தாள்.

பதினேழு: மாவு.

அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் வந்தது. பிறகு கண் தானாகக் கீழே இறங்கியது. பதினெட்டு மாவு, பத்தொன்பது மாவு, இருபது மாவு. இருபத்தொன்று கொலாஜன். இருபத்தொன்று அம்மா.

வெங்கடம்மாவின் வரியை மட்டும் கிழித்து எடுத்துப் போகலாம்தான். பொடி செய்த கம்பெனியின் முத்திரையும் கையெழுத்தும் தாளின் அடியில் இருந்தன. முத்திரையில்லாத துண்டுக் காகிதத்தை எத்திராஜ் மூஞ்சியிலேயே விட்டெறிவான். மேல் வரிகளை மட்டும் காட்டிவிட்டு உடனே பிடுங்கிக்கொள்ளலாம் என்று மடித்துப் பையில் வைத்தாள். ஊருக்குப் போகும் ஜீப்பில், சந்திரகிரி தாண்டும்வரை அதை இரண்டு முறை பிரித்து, இரண்டு முறை மடித்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வெங்கடம்மா மரத்தோடு கட்டப்பட்டு, தலை தொங்கிக் கிடந்தாள். உதடு பிளந்திருந்தது, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பாப்பாத்தி ஒடிந்த கையைத் தொங்கவிட்டு, மறுகையால் அவளுக்குச் சொம்பில் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, அத்தை மீனு துன்னல. இதோ சீலு வச்ச பேப்பர். அவங்களுக்குக் குடுத்தது வெறும் மாவு!"

எத்திராஜ் தாளை அவள் கையிலிருந்து பறித்துத் தம்பியிடம் நீட்டினான். தாமோதரன் படித்தான். "ஆமாண்ணா. பதினேழுக்கு மாவுதான். மீனு இல்ல."

எத்திராஜின் கையிலிருந்து காம்பு விழுந்தது. அவன் முகத்தில் அறைந்துகொண்டு அழுதான். நாலு பேர் ஓடிவந்து கயிற்றை அவிழ்த்தார்கள். வெங்கடம்மா தரையில் உட்கார்ந்து, வீங்கிய கன்னத்தைத் தடவினாள்.

"மாவா? எனக்கு மட்டும் மாவா?" என்றாள்.

ரூபா தாளுக்குக் கை நீட்டினாள். தாமோதரன் விடவில்லை.

"இரு. அப்ப மீனு யாருக்கு?"

"யாருக்கும் இல்ல சின்ன மாமா. குடுங்க."

"பதினெட்டு மாவு. பத்தொம்போது மாவு. இருவதும் மாவு." அடுத்த வரியில் அவன் வாய் நின்றது.  பாப்பாத்தி அவனுக்கு அக்கா முறை. அவன் படிப்பதை நிறுத்தியும் பிரயோசனமில்லை. ஐந்தில் நாலு போனால் மிச்சம் யார் என்று தெரிந்துகொள்ள யாரும் பி.எஸ்சி. படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டம் மொத்தமும் பாப்பாத்தி பக்கம் திரும்பியது.

ரூபா பாய்ந்து தாளைப் பிடுங்கினாள். யாரோ அவள் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். வேரில் முகம் மோதிப் பல் உடைந்தது.

பாப்பாத்தி ஓடவில்லை. சொம்பைக் கீழே வைத்தாள். "மருந்துன்னுதான்ப்பா குடிச்சேன்" என்றாள்.

எத்திராஜ் குனிந்து காம்பைத் தேடினான். அதற்குள் வெங்கடம்மா எழுந்துவிட்டாள். அந்த உடம்பில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ, பாப்பாத்தியின் கொண்டையைப் பிடித்து இழுத்து மண்ணில் சாய்த்தாள்.

"எம்பொண்ணு கண்ணு தொறக்கலடி!" என்று கூவிக்கொண்டே அவள் தலையைத் தரையில் மோதினாள். ஒருமுறை, இரண்டுமுறை.

"அத்தை, வுடு அத்தை!" வாயில் ரத்தத்தோடு ரூபா தவழ்ந்து வந்தாள். "உன்னக் காப்பாத்தச் சொல்லி எனக்கு போனு பண்ணதே எங்கம்மாதான்! உனக்கோசரம்தான் அவ கை ஒடஞ்சது!"

வெங்கடம்மாவுக்கு அது நன்றாகக் கேட்டது. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் ரூபாவை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கூந்தலை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாயா நின்னுக்கினு கீற? கயித்த எடு" என்றாள்.