ஆறாம் அறையின் காலிப் பணியிடம்

அரசு மருத்துவமனையின் ஆறாம் அறையில் பதினோரு ஆண்டுகளாக நிரப்பப்படாமல் கிடந்த பொது மருத்துவர் பணியிடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது. முதலில் போனவர் முழங்கால் வலியோடு வந்திருந்த ஒரு கொத்தனார். எந்த வரிசை எந்த அறைக்கு என்று தெரியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடியே தன் பாட்டைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பாதியில் நிமிர்ந்தபோதுதான் எதிர் நாற்காலியில் ஆள் இல்லை என்பது தெரிந்தது. எழுந்து போய்விடலாமா என்று அவர் யோசிப்பதற்குள் முழங்காலை இரண்டு விரல்கள் அழுத்திப் பார்த்தன. சரியாக வலிக்கிற இடத்தில். மேசைமேல் கிடந்த சீட்டில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கொத்தனார் சீட்டை எடுத்துக்கொண்டு, யாருக்கு என்று தெரியாமலே ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் போனார்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த மருந்தாளுநரை ஊரே 'எதுக்கும் அக்கா' என்றுதான் கூப்பிட்டது. எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாம் என்பது அவள் வாயில் சாவி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்த வாக்கியம். பூட்டிய பூட்டைத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். மாத்திரையை மூன்று முறை எண்ணுவாள், நான்காவது முறை வாங்குகிறவரை எண்ணச் சொல்வாள். கொத்தனாரின் சீட்டைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. காரணம் மருந்து அல்ல, கையெழுத்து. பத்தொன்பது வருடத்தில் ஒரு டாக்டர் எழுதியதை அவள் முதல் பார்வையிலேயே படித்தது அதுதான் முதல் தடவை.

"இத யார் எழுதிக் குடுத்தாங்க?"

"டாக்டர்தாம்மா."

"எந்த டாக்டர்?"

கொத்தனார் கொஞ்சம் யோசித்தார். "ஆறாம் ரூம்ல இல்லாத டாக்டர்."

அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டு ஆறாம் அறைக்குப் போனாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள், ஜன்னல் கம்பியை அசைத்துப் பார்த்தாள். அதற்குள் வாசலில் பதினான்கு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். திரும்பி வந்து சீட்டை மறுபடி படித்தாள். மருந்தும் சரி, அளவும் சரி. ஒப்பமிடும் இடத்தில் 'காலி' என்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து நாள் மருந்தை இரண்டு நாளுக்கு மட்டும் கொடுத்து அனுப்பினாள்.

ஊர் இதை நம்பவில்லை. நோய் குணமானவர்கள்தான் ரொம்பவும் நம்பவில்லை. முழங்கால் வலி போன கொத்தனார், வலி இல்லாததற்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று மேலும் இரண்டு வாரம் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனார். புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க நம்மைப் பிடித்திருக்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். இல்லாத டாக்டரின் பேரில் யாரோ சம்பளம் வாங்குகிறார்கள் என்று சிலர். ஆறாம் அறையில் உட்கார்ந்தால் ஆயுளில் ஒரு நாள் குறைகிறது, அரசாங்கம் எதையும் சும்மா தருவதில்லை என்று பஸ் நிறுத்தத்தில் ஒரு பேச்சு அடிபட்டது. இந்தப் பேச்செல்லாம் வந்து சேருகிற இடம் கடைத்தெருவில் இருந்த முடிதிருத்தகம். அதன் சொந்தக்காரர் கத்தரியை நிறுத்தாமலே தீர்ப்பு சொல்லக்கூடியவர். "இல்லாத டாக்டரே இவ்வளவு நல்லா பாக்குறார்னா, இருக்கற டாக்டருங்களுக்கு எதுக்குய்யா சம்பளம்? அந்தப் பிள்ளைங்க டாக்டரம்மா இருக்காங்களே, மருந்தவிட திட்டுதான் அதிகம்" என்று அவர் சொன்னபோது, முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர்கள் தலையை ஆட்ட முடியாமல் கையை ஆட்டி ஆமோதித்தார்கள். இப்படிச் சந்தேகப்பட்டுக்கொண்டே முதல் ஆண்டில் ஒன்பதாயிரம் பேர் ஆறாம் அறைக்குப் போய்வந்தார்கள்.

எதுக்கும் அக்கா மட்டும் போகவில்லை. அவள் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் ஆற்றுப்பாலம் தாண்டி இருக்கிற கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியிலேயே வேலை பாக்கறேன், அதனாலதான் சொல்றேன்" என்பாள். அவள் கணவன் பஸ் பணிமனையில் வெல்டர். எட்டு மாதமாக அவனுக்கு இரண்டு காலும் வீங்கி, செருப்பின் வார் உள்ளே போய்ப் பதிந்திருந்தது. கண்ணாடிக் கட்டடத்தில் ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், கடைசியில் சிறுநீரகத்தில் ஏதோ இருக்கலாம், படுக்க வைத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். இரண்டாம் ஆண்டின் ஒரு வியாழக்கிழமை, ஜன்னலுக்குள் நீண்ட ஒரு கையில் வெல்டிங் பொறி பட்ட தழும்பைப் பார்த்து அக்கா நிமிர்ந்தாள். கணவன் வரிசையில் நின்றுகொண்டிருந்தான்.

"கோச்சுக்காத. சும்மா காட்டித்தான் பாத்தேன்."

சீட்டில் இரண்டே வரிகள். 'வீக்கம் நோயால் அல்ல. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையால். அதை மாற்றவும்.' அந்த மாத்திரையைத் தன் கையால் ஆயிரம் பேருக்குக் கொடுத்தவள் அவள். சிலருக்குக் கால் வீங்கும் என்று அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பாலைக்கூட இரண்டு முறை முகர்ந்து பார்க்கிறவள், பெரிய கட்டடத்தில் எழுதித் தந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கணவனின் சீட்டை ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. பத்து நாளில் வீக்கம் வடிந்தது. அவன் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து காட்டினான். அக்கா அடுப்படியில் நின்று சத்தம் வராமல் அழுதாள். அவமானமா சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மூன்றாம் ஆண்டு சுகாதாரத் துறையின் தலைமை அலுவலகத்திலிருந்து கணக்கெடுப்புக்காரர்கள் வந்தார்கள். அரசு மருத்துவமனையின் ஒவ்வொரு அறையிலும் வைத்தியத்தின் தரம் எப்படி, அதற்கு அரசு ஒதுக்கும் பணம் எப்படி என்று வீடு வீடாகக் கேட்டு, மிக நன்று, நன்று, சுமார், மோசம், மிக மோசம் என்ற ஐந்து கட்டங்களில் ஒன்றில் குறி போடச் சொன்னார்கள். தாள் வந்து சேருவதற்கு முன்பே முடிதிருத்தகத்தில் அதன் உள்நோக்கம் அலசப்பட்டுவிட்டது. "நல்லா இருக்குன்னு போட்டா, அப்புறம் எதுக்குப் பணம்னு நிறுத்திடுவான். மோசம்னு போட்டா, எதுக்கு இந்த ஆஸ்பத்திரின்னு இழுத்து மூடிடுவான். ரெண்டுக்கும் மாட்டாம நடுவுல போடுங்க" என்றார் முடிதிருத்துபவர். ஊர் இரண்டு கேள்விக்கும், எல்லா அறைகளுக்கும், ஒரே மாதிரி 'சுமார்' என்று குறி போட்டது. நாலாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று தாள்களில் ஒன்றில் மட்டும் 'மிக நன்று' இருந்தது. ஊர் கொத்தனாரைச் சந்தேகப்பட்டது. அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பதில் இரண்டே மாதத்தில் வந்தது. செலவே இல்லாத ஆறாம் அறைக்கும், சம்பளம் வாங்குகிற மற்ற அறைகளுக்கும் மக்கள் ஒரே மதிப்பைக் கொடுத்திருப்பதால், மற்ற அறைகளையும் காலிப் பணியிடங்களைக் கொண்டே நடத்தலாம் என்று முடிவாகியிருந்தது. இரண்டாம் அறையின் பிரசவ டாக்டரும், நான்காம் அறையில் திட்டிக்கொண்டே வைத்தியம் பார்த்த குழந்தைகள் டாக்டரும் மாற்றப்பட்டார்கள். ஆனால் அந்த இரண்டு அறைகளின் நாற்காலிகளும் வெறும் நாற்காலிகளாகவே இருந்தன. ஒரு பணியிடம் வேலை செய்யத் தொடங்கப் பதினோரு ஆண்டுகள் ஊற வேண்டுமோ என்னவோ. தாய்மார்கள் நான்காம் அறையில் உட்கார்ந்து, நாற்காலியிடம் குழந்தையின் காய்ச்சலைச் சொல்லிவிட்டு, எழுத்து வராத சீட்டைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள்.

முடிதிருத்துபவரின் மூன்று வயது மகளுக்கு ஒரு திங்கட்கிழமை வலிப்பு வந்தது. அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடையில் போட்டிருந்த வெள்ளைத் துணியோடேயே ஓடி வந்து நான்காம் அறையில் உட்கார்ந்தார். நாற்காலி ஒன்றும் செய்யவில்லை. எழுந்து ஆறாம் அறைக்கு ஓடினார், வரிசை விலகி வழிவிட்டது. 'இது என் கைக்கு மீறியது. உடனே குழந்தை மருத்துவரிடம்' என்று சீட்டு அவசர அவசரமாக எழுதியது. அந்த ஒரு தடவைதான் அதன் கையெழுத்து கோணலாக இருந்தது. பள்ளிக்கூட வேனில் நகரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினார்கள். குழந்தை பிழைத்தது. இடது கையில் மட்டும் பிடிமானம் திரும்பவில்லை. அதன் பிறகு முடிதிருத்தகத்தில் கத்தரிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

இது நடந்த மறுவாரம் தலைமை அலுவலகத்து அதிகாரி ஒருவர் மருந்து ஜன்னலுக்கு உள்பக்கமாக வந்து உட்கார்ந்தார். 'காலிப் பணியிடம் முழுமையாகச் செயல்படுகிறது' என்று ஒரு தாளில் அச்சிட்டிருந்தது. கீழே அவள் போட வேண்டிய ஒரு கையெழுத்தை வைத்து மற்ற ஊர்களிலும் டாக்டர்களைக் குறைக்கப்போகிறார்கள் என்பது அக்காவுக்குப் படிக்காமலே புரிந்தது.

"போடுங்க. இல்லேன்னா மூணு வருஷமா டாக்டர் கையெழுத்து இல்லாத சீட்டுக்கு மருந்து குடுத்ததுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"எதுக்கும் நாளைக்குக் காலைல வாங்க சார்" என்றாள் அக்கா.

மறுநாள் காலை அவள் நோயாளிகளோடு வரிசையில் நின்றாள். நாற்பத்திரண்டாவது ஆள். முறை வந்ததும் ஆறாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. யாரையும் நம்ப மாட்டேன், அதுதான் என் வியாதி. உங்கள நம்பிட்டேன். இப்ப உங்களையே காட்டி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பப் பாக்குறாங்க. மாட்டேன்னா இந்த ரூமப் பூட்டிடுவாங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

நெற்றியில் ஓர் உள்ளங்கை பட்டு விலகியது, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல். பிறகு சீட்டில் மூன்று வரிகள் வந்தன. 'குழந்தை மருத்துவர் – ஒருவர். பிரசவ மருத்துவர் – ஒருவர். பொது மருத்துவர் – ஒருவர்.' மூன்றாவது வரியை அக்கா திரும்பத் திரும்பப் படித்தாள். அது தன் இடத்துக்கே ஆள் கேட்டு எழுதியிருந்தது.

அவள் ஜன்னலுக்குத் திரும்பி, எல்லாச் சீட்டையும் சரிபார்ப்பதுபோல் அதையும் சரிபார்த்து, 'இருப்பில் இல்லை' என்ற முத்திரையைக் குத்தினாள். சந்தேகப் பிராணிகள்தான் விதிப் புத்தகத்தை முழுக்கப் படிக்கிறவர்கள். சீட்டில் எழுதியது இருப்பில் இல்லாவிட்டால் படிவம் நிரப்பித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொரு படிவத்துக்கும் முப்பது நாளில் அவர்கள் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். அதிகாரி வந்ததும் அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கூடவே படிவத்தையும் நீட்டினாள்.

"என்னம்மா இது? இது மருந்தே இல்லையே!"

"சீட்டுல எழுதியிருக்கு சார். அது முழுசா வேலை செய்யுதுன்னு நீங்களே எழுதிக் கொண்டு வந்திருக்கீங்க. அப்ப அதோட சீட்டும் செல்லும்."

அன்று முதல் ஆறாம் அறையிலிருந்து வந்த ஒவ்வொரு சீட்டிலும், இருமல் மருந்துக்கும் வயிற்றுவலி மாத்திரைக்கும் கீழே அந்த மூன்று வரிகளும் இருந்தன. டாக்டர்கள் சங்கம் அக்காவை விலைக்கு வாங்கிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. பேசிக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டது. முடிதிருத்துபவர் கடைக்கு வருகிறவர்களிடம், முடி வெட்டுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படிவம் எழுதிவிட்டு வரச் சொன்னார். நாளுக்கு நானூறு படிவம் போனது. ஓர் ஆண்டில் தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடித் தளம் படிவங்களின் பாரம் தாங்காமல் இரண்டாம் மாடிக்கு இறங்கிவிட்டதாகவும், யாருக்கும் அடிபடவில்லை என்றும் செய்தி வந்தது. அதற்கு மேல் தாங்காமல் டாக்டர்களை அனுப்பினார்கள். முதலில் பிரசவ டாக்டர். பிறகு குழந்தைகள் டாக்டர், அதே அம்மா. முடிதிருத்துபவர் மகளின் கையைக் காட்டப் போனபோது ஏன் முன்பே பயிற்சிக்குக் கொண்டு வரவில்லை என்று அந்த அம்மா கால் மணி நேரம் திட்டினார். முடிதிருத்துபவர் முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியாக ஆறாம் அறைக்கு ஓர் இளம் பெண் டாக்டர் வந்தாள். ஏன் திடீரென்று அனுப்புகிறார்கள், தேர்தல் வருகிறதோ என்று ஊர் அவளை ஒரு மாதம் தள்ளி நின்று பார்த்தது.

அதே வாரம் காலிப் பணியிடத்துக்கும் மாறுதல் ஆணை வந்தது. எட்டு மணி நேரத் தொலைவில் ஒரு மலை ஆஸ்பத்திரி. அக்கா மாறுதல் பட்டியலை விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். அவள் சந்தேகப்பட்டது சரி. இங்கே வந்த புது டாக்டரை அங்கிருந்துதான் எடுத்திருந்தார்கள். அக்கா வெற்றுப் படிவங்களில் ஒரு கட்டை எடுத்து நூல் போட்டுக் கட்டி, அந்த ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலுக்கு ஒரு கடிதமும் எழுதி, கணவனோடு பஸ் நிலையத்துக்குப் போனாள். அங்கே பார்த்தால் கொத்தனார் நின்றிருந்தார், முடிதிருத்துபவர் மகளோடு நின்றிருந்தார், கூட இருநூறு பேர். என்னதான் நடக்கிறதென்று பார்க்கவே வந்ததாக எல்லோரும் சொன்னார்கள். பயணப்படியை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று பின்னால் ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஜன்னலோர இருக்கையில் படிவக் கட்டை வைத்து ஒரு டிக்கெட் கேட்டாள். நடத்துநர் இருக்கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஆள் எங்கம்மா?"

"ஆறாம் ரூம்."

நடத்துநர் டிக்கெட் புத்தகத்தைத் திறந்தார். "எங்க அம்மாவுக்கு மூச்சுத்திணறல் பாத்தாங்க" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துப் படிவக் கட்டின் மேல் வைத்து, காற்றில் பறக்காமல் நூலுக்குள் செருகினார். பஸ் கிளம்பியது. அடுத்த நிறுத்தத்தில் சந்தைக் கூட்டம் ஏறியது, அதற்கடுத்ததில் பணிமனை ஆட்கள் ஏறினார்கள். மலை அடிவாரம் வரை மூட்டையும் முடிச்சுமாக ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றே போனார்கள். அந்த ஜன்னலோர இருக்கையில் யாரும் உட்காரவில்லை.