ராசாவுக்குப் போடுகிற சொல்

ஏர்னெஸ்ட் மாஸ்டருக்கு ஒரு இங்கிலீசுச் சொல்லில் பைத்தியம். ‘கிளாட்’ என்பது அந்தச் சொல். உடுத்தியிருத்தல் என்று அர்த்தம். மற்ற ஆண்களுக்குக் கள்ளோ சீட்டோ ஏதாவது இருக்கும். இந்த மனுசனுக்கு இது.

எண்பத்தைந்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு தேவாலயத்தின் பின்னறை. ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், ஓய்வுபெற்ற மாஸ்டர், தட்டச்சுக்கு நான். ஆமி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடித் தாய்மார் வருவார்கள். அவர்கள் அழுது சொல்வதை மாஸ்டர் இங்கிலீசு மனுவாக்குவார், நான் அடிப்பேன். மனு கொழும்புக்கும் முகாம்களுக்கும் போகும். அநேகமாகப் பதில் வராது. வந்தாலும், அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்றுதான் வரும். இதனால் யாரும் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதோ போய்விட்டது. அது போன பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லா மனுவிலும் ஒரு வரி தப்பாமல் இருக்கும். கடைசியாகக் கண்டபோது இன்ன உடுப்பில் ‘கிளாட்’ ஆக இருந்தார்.

“மாஸ்டர், வெள்ளைக்காரனே இப்ப உந்தச் சொல்லைக் கதைக்கிறேல்லை,” என்றேன் ஒருநாள். “‘வெயாரிங்’ எண்டு போட்டால் என்ன குறைஞ்சு போகும்?”

கிழவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. சண்டைக்குத்தான் காத்திருந்தவர் போல.

“‘வெயாரிங்’ ஆருக்கும் போடலாம், ஐரிஸ். இது ஆயிரம் வருசத்துச் சொல்லு. துணி எண்ட சொல்லின்ரை வேரிலை முளைச்சது. அந்த வேரிலை ரெண்டு பிள்ளையள். ஒண்டு ‘குளோத்ட்’ எண்டு ஊர் உலகத்தோடை சேந்து உழைக்கப் போயிட்டுது. மற்றது இது. பழைய புத்தகங்களோடை வீட்டிலை தங்கியிட்டுது. கதையளிலை ராசாக்கள் பட்டிலை ‘கிளாட்’, வீரர் கவசத்திலை ‘கிளாட்’. தன்னைப்பற்றி ஒருத்தனும் ‘நான் கிளாட்’ எண்டு சொல்லித் திரியமாட்டான். மற்றவை பாத்துச் சொல்லுற சொல்லு. அதிலை ஒரு மதிப்பு இருக்கு.”

மேசைக்கு முன்னால் சிவக்கொழுந்து அக்கா இருந்தார். அச்சுவேலியில் குத்தகைத் தோட்டம் செய்கிற விதவை. ஒரே மகன் தவராசாவை விடியற்காலையில் வீட்டு வாசல் படலையடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் ஒரு சொல்லுக்காக மல்லுக்கட்டுவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ராசாக்களுக்குப் போடுறதோ, ஐயா?”

“ஓம் அம்மா. சொல்லுங்கோ, உங்கடை மகன் என்ன உடுத்திருந்தவர்?”

அதுவரை கேட்ட எல்லாவற்றுக்கும் வெட்டொன்று துண்டிரண்டாகப் பதில் சொன்ன மனுசி, இதற்கு மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“வெள்ளைச் சேட். நீலக் களிசான்.”

வெள்ளைச் சட்டை, நீல முழுக்காற்சட்டை என்று மாஸ்டர் இங்கிலீசில் சொன்னார், நான் அடித்தேன்.

அதன் பிறகு சிவக்கொழுந்தக்கா கிழமைக்கு ஒருதரம் பஸ் ஏறி வருவார். மடியில் நாலு கத்தரிக்காய் இருக்கும். ஒரு முகாமிலிருந்து பதில் வந்தது. வெள்ளைச் சேட்டும் நீலக் களிசானும் உடுத்த எவரும் அன்றைக்கோ பிறகோ கொண்டுவரப்படவில்லை. வாசித்துச் சொன்னேன்.

“அந்தச் சொல்லை அவை பாத்தவையோ, பிள்ளை?”

“பாத்திருப்பினம், அக்கா.”

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பிள்ளையைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறவர்களுக்கு நல்ல இங்கிலீசு எழுதி என்ன கிடைக்கப்போகிறது?

நாலு மாதம் போயிருக்கும். கொழும்பிலிருந்து வருகிற இங்கிலீசுப் பேப்பர் எங்களுக்கு வந்து சேரும்போது பழசாகிவிடும். அதைப் புரட்டிக்கொண்டிருந்த எனக்கு மாஸ்டரைச் சீண்ட ஒரு துண்டுச் செய்தி அகப்பட்டது.

“மாஸ்டர், உங்கடை ராசாச் சொல்லு இஞ்சை இருக்கு. ராசாவுக்கில்லை, அநாதைப் பிணத்துக்கு.”

“பாத்தியே? சொல்லு இன்னும் சாகேல்லை,” என்று மாஸ்டர் சிரித்தார்.

நான் இங்கிலீசில் உரத்து வாசித்தேன். ‘கிளாட்’ வந்த இடத்தில், அன்றைக்கும் வந்து சுவரோரம் இருந்த சிவக்கொழுந்தக்கா நிமிர்ந்தார். அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும்.

“ஆரைப்பற்றிப் போட்டிருக்கு, பிள்ளை? தமிழிலை சொல்லு.”

சொன்னேன். தெற்கே ஒரு ஆஸ்பத்திரி. இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன். பெயர் தெரியாது. இடுப்பில் பச்சைக் கட்டம் போட்ட சாரம், பின்பக்கம் சிவப்புப் பூத்துணியால் ஒட்டு. மேலுக்கு ஒன்றுமில்லை. இரண்டு கிழமை வைத்திருந்தும் யாரும் உரிமை கோராததால் அரசாங்கச் செலவில் புதைத்துவிட்டார்கள்.

சிவக்கொழுந்தக்கா எழும்பி வந்து பேப்பரைத் தொட்டார். படம் எதுவும் இல்லை, வெறும் எழுத்து.

“அது என்ரை சட்டைத் துணி,” என்றார். “ஒட்டுப் போட்டது நான்தான்.”

எனக்கு விளங்கவில்லை. “அக்கா, நீங்கள் வெள்ளைச் சேட்டெண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“வெள்ளைச் சேட்டும் களிசானும் இண்டைக்கும் பெட்டியுக்கை மடிச்சபடி கிடக்கு, பிள்ளை. வேலைக்குக் கூப்பிட்டால் போட்டுக்கொண்டு போக எண்டு தைப்பிச்சது. ஒருநாளும் போடேல்லை.” அவர் மாஸ்டரைப் பார்த்தார். “ஐயா ராசாக்களுக்குப் போடுற சொல்லெண்டு சொன்னார். கொழும்பிலை பெரிய ஆக்கள் வாசிப்பினம். கிழிஞ்ச சாரத்தோடை, மேலிலை துண்டுமில்லாமல், என்ரை பிள்ளை அவைக்கு முன்னாலை போய் நிக்கிறதே?”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எனக்கு அந்தக் கிழவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு கிழமை. எங்கள் மனுவை யாராவது அந்தப் பிணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலும், இது வேறு ஆள் என்று தள்ளி வைத்திருப்பார்கள்.

“புதைச்சுப் போட்டினமோ?” என்றார் சிவக்கொழுந்தக்கா. “நாங்கள் எரிக்கிற ஆக்கள். கொள்ளி வைக்க எண்டாலும் தருவினமோ, ஐயா?”

தரமாட்டார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் மனு எழுதினோம். உடலைத் தோண்டியெடுத்துத் தாயிடம் கொடுக்கும்படி கேட்டு. மாஸ்டர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு போனார். உடுப்பு வரியில் ஒரு கணம் நின்றார். பிறகு, ‘வெயாரிங்’ என்றார். நானும் அப்படியே அடித்தேன்.

முழுவதையும் உரத்து வாசித்தேன். சிவக்கொழுந்தக்கா தலையைச் சரித்துக் கடைசி வரை கேட்டார். முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தச் சொல்லைக் காணேல்லையே, ஐயா,” என்றார். “ஒட்டுப் போட்ட சாரத்துக்கு அது வராதோ?”

மாஸ்டர் அழுதார். அத்தனை தாய்மாருக்கு மனு எழுதிய மனுசன், அன்றைக்குத்தான் நான் அழக் கண்டேன்.

“வரும், அம்மா,” என்றார். “வரும்.”

நான் கடுதாசியை மறுபடி டைப்ரைட்டரில் சுருட்டி, ‘வெயாரிங்’கை வெட்டி, அதற்கு மேலே அந்தச் சொல்லை அடித்தேன்.