என் பங்குக்கு ஒரு ஜெர்மன் பிஸ்டல்

தாத்தா காலத்து மூன்று ஏக்கர் கரும்பு நிலம் தம்பிக்கு, ஜெர்மன் பிஸ்டல் எனக்கு. இதுதான் எங்கள் அப்பா ராமசாமி செய்த பாகப்பிரிவினை. திங்கட்கிழமை நான் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய், நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யார் வீட்டிலாவது இந்தக் கூத்து நடக்குமா? கேட்டால், “அது லட்சக்கணக்குல போவும் சந்தியா” என்பார். வெறும் வாய்ப்பேச்சை நம்ப நான் என்ன இளிச்சவாயா? முதலில் விலை தெரியட்டும் என்று வெள்ளிக்கிழமை காலை அவரைக் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு வந்தேன்.

துப்பாக்கிக் கடை வெங்கடேசன் லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். “ஏதுங்க இது?”

“எங்கப்பா கரியாலூராண்ட ஒரு தொரைக்கு டிரைவரா இருந்தாருங்க. சீமைக்குப் போறப்போ தொரை குடுத்துட்டுப் போனது,” என்றார் அப்பா பெருமையாக.

அந்தப் பிஸ்டலை நான் கிட்டத்தில் பார்ப்பதே அன்றுதான். பொம்பளைப் பிள்ளை தொடக்கூடாதாம். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் பூசி, பொட்டு வைத்து, மறுபடி பீரோவில் பூட்டிவிடுவார். பழைய சந்தனம் அப்படியே அப்பிக் காய்ந்து கிடந்தது.

வெங்கடேசன் உள்ளே குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டு, இடது பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கம்பெனி பேரு அப்டியே கீதும்மா. இங்க பாருங்க, சின்னதா ஒரு கிரீடம், கீழ இங்கிலீஷ் ‘என்’ எழுத்து. ஜெர்மன்காரன் சுட்டுப் பாத்துட்டுப் போட்ட முத்திரை. 1940க்கு அப்பறம் கிரீடம் போயி கழுகு வந்துடுச்சு. அப்ப இது அதுக்கும் முந்தின சரக்கு. மேல கீற ஸ்லைடு நம்பரும் பாடி நம்பரும் ஒண்ணா இருந்து, பாகம் எதுவும் மாத்தலன்னு தெரிஞ்சுட்டா, ஆறு லட்சம் தாராளமா போவும்.”

நிலத்துக்கு முன்னால் ஆறு லட்சம் எந்த மூலைக்கு? ஆனாலும் எனக்கென்று நல்லதாக ஒன்றை எடுத்து வைத்திருக்கிறாரே என்று இளகிப்போனேன். தொலையட்டும், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். சனியன் பிடித்த மனசு.

வெங்கடேசன் பிஸ்டலைத் திருப்பினார். “அந்தப் பக்கம் இன்னாத்துக்குங்க? அதான் பாத்துட்டீங்களே,” என்றார் அப்பா.

ஸ்லைடு நம்பர் வலது பக்கம்தான் இருக்குமாம். வெங்கடேசன் சந்தனத்தை நகத்தால் பெயர்த்துத் துடைத்தார். உடனே தலையில் அடித்துக்கொண்டார். நம்பர் இருந்த இடத்தை அரம் போட்டு ராவி, எவர்சில்வர் குடத்தில் வெட்டுவது போல அங்கே ஒரு பேரை வெட்டியிருந்தார்கள்.

“ரா. கோவர்த்தனன்,” என்று படித்தார். “யாருங்க?”

என் தம்பி.

“நம்பரையே அழிச்சு வெச்சிருக்கீங்களே! வெவரம் தெரிஞ்சவன் எவன் வாங்குவான்? அறுபதாயிரம் வந்தா பெருசு.”

“அவன் பொறந்தப்ப பாத்திரக் கடையில குடுத்து வெட்டனேன்,” என்று முனகினார் அப்பா. “ஆசையில செஞ்சிட்டேம்மா.”

அறுபதாயிரம் நாசமாய்ப் போகட்டும்! என் எட்டாவது வயசிலேயே இது அவனுக்கென்று ஆகிவிட்டது. என் கல்யாணச் சீர்க் குடத்தில்கூட என் பேரை வெட்டவில்லை இந்த மனுஷர், மாப்பிள்ளை பேரைத்தான் வெட்டினார்.

“இத்தினி வருசமா உன் பங்கு, உன் பங்குன்னு சொல்லிக்கினு இருந்தியேப்பா, நாக்கு கூசல?”

“கத்தாதம்மா, நாலு பேரு பாக்கறாங்க.”

“பாக்கட்டும்! இத அவனுக்கே குடு. எனக்கு நெலத்துல பாதி எழுது. திங்கக்கெழம அதுக்குன்னா வர்றேன். இல்லன்னா கோர்ட்டுல பாத்துக்கலாம்.”

“அவன் ஒத்துக்க மாட்டாம்மா.”

“நீ ஒத்துக்கிறியா? அத மொதல்ல சொல்லு.”

அப்பா பிஸ்டலை எடுத்து, அந்தப் பேரின் மேல் படிந்திருந்த எண்ணெயைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் படியிறங்கி வக்கீலைப் பார்க்கப் போனேன்.