டிரம்பெட்காரரின் முன்பல்

பீர் பாட்டிலைப் பல்லால் திறந்து காட்டப்போய், எலியேசர் முன்பல்லின் ஒரு மூலையை உடைத்துக்கொண்டார். அதுவும் கார்மேல் மாதா திருவிழாவன்று. மாலையில் ஊர்வலத்துக்கு முன்னால் முதல் டிரம்பெட் அவர்தான். எங்கள் சினூ ஆற்றங்கரையில், போர்ரோ என்ற பேண்டு இசையின் எந்த மெட்டுக்கும் முதல் டிரம்பெட்தான் அடியெடுத்துக் கொடுக்க வேண்டும்.

மதியம் மனைவி நூரிஸோடு என் பல் மருத்துவமனைக்கு வந்தார். பின்னாலேயே பேண்டு முழுவதும் வந்து ஜன்னலில் தொங்கியது. நூரிஸின் தம்பி உபால்தோ, இரண்டாம் டிரம்பெட், ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தான்.

“கவலைய விடுங்க மச்சான். இன்னிக்கு முதல் டிரம்பெட் நான் பாத்துக்கறேன்.”

“நீ ஊதினா பல்லக்குத் தூக்கறவங்க பல்லக்கைப் பிடிப்பாங்களா, காதைப் பொத்துவாங்களா மாப்ளே?” என்றார் எலியேசர். உடைந்த பல் வழியாகக் காற்று சீட்டியடித்தது. ஜன்னல் முழுக்கச் சிரிப்பு.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. “டாக்டரம்மா, சாயங்காலத்துக்குள்ள ஊதணும்” என்றார் மெல்ல.

மரத்துப்போகும் ஊசியை நான் எடுக்கவே இல்லை. உதடு மரத்தால் டிரம்பெட் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. நல்லவேளை, உடைப்பு நரம்பு வரை போகவில்லை.

உடைந்த விளிம்பில் அமிலக் களிம்பைத் தடவினேன். அது பல்லின் மேல்தோலைக் கண்ணுக்குத் தெரியாதபடி சொரசொரப்பாக்கும். சுவரைக் கொத்திவிட்டுப் பூசினால் சாந்து பிடித்துக்கொள்வதுபோல, பிசின் அந்தக் குழிகளில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கழுவி, உலர்த்தி, ஒட்டுத் திரவம் தடவினேன். பிறகு மேல்விளக்கைத் திருப்பிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்தேன்.

“ஐயோ, ஒண்ணுமே தெரியல!” என்று வெளியே கூச்சல்.

“வெளிச்சம் பட்டா பசை இப்பவே இறுக ஆரம்பிச்சிரும்ப்பா!”

பல்நிறப் பசையை மெல்லிய அடுக்காக வைத்து, பேனா போன்ற விளக்கால் நீல ஒளி பாய்ச்சினேன்.

“சுடுமா?” என்றாள் நூரிஸ்.

“சூட்டுல காயறதில்லக்கா. இந்தப் பசைக்குள்ள ஒரு மஞ்சள் பொருள் தூங்கிட்டிருக்கு. நீல வெளிச்சம்தான் அதை எழுப்பும். எழுந்ததும் பக்கத்துல இருக்கறதெல்லாம் கையைக் கோத்துக்கும். கோத்த கை அப்புறம் விடாது. மொத்தமா அப்பினா வெளிச்சம் அடி வரைக்கும் போகாது, அதான் அடுக்கடுக்கா வைக்கிறேன்.”

அடுக்குமேல் அடுக்காக மூலை எழுந்தது. பக்கத்துப் பல்லைத் தொடும்படி, பாடத்தில் இருப்பதுபோலவே முடித்தேன். கடிக்கச் சொல்லி, மைத்தாளில் சரிபார்த்துத் தேய்த்துக் கண்ணாடியைக் கொடுத்தேன்.

நூரிஸ் வாயைப் பிளந்தாள். “கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு அழகா இல்லையே!”

திரையை விலக்கினேன். எலியேசர் டிரம்பெட்டை உதட்டில் வைத்து ஊதினார்.

ஈரத்துணிக்குள் யாரோ கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. மறுபடி ஊதினார். மேல்ஸ்வரம் ஏறவே இல்லை. உபால்தோகூடக் கிண்டல் செய்யவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

“கடிச்சாப் பல்லு எங்கயாவது முட்டுதாண்ணே?”

“எதுவும் முட்டல. ஆனா காத்து எங்கயோ போயிடுச்சு.”

நூரிஸ் தொண்டையைச் செருமினாள். “இவருக்கு அந்த ரெண்டு முன்பல்லுக்கும் நடுவுல ஒரு சந்து இருந்துச்சு. அது வழியா என்மேல தண்ணி பீச்சித்தான் லவ்வைச் சொன்னாரு.”

“ஏங்க்கா முதல்லயே சொல்லல?”

“அழகா இருந்துச்சு. விட்டுட்டேன்.”

தப்பு என்னுடையதுதான். பல்லுக்கு நடுவே இடைவெளி கண்டால் பல் டாக்டர்களான எங்களுக்குக் கை அரிக்கும், உடனே மூடிவிடுவோம். உடைந்தது சந்துப் பக்க மூலை என்பதால் பழைய அளவு தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எத்தனையோ வருஷமாக அந்தச் சந்தை வைத்தே காற்றைத் திருப்பப் பழகியவர் சொல்லியிருப்பார்.

இறுகிய பிசின் இனி இளகாது. தேய்த்துக் கழிக்கலாம். அதிகம் கழித்துவிட்டாலோ, அமிலக் களிம்பிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அதற்கு நேரமில்லை. கோயில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

உப்புத்தாள்போலச் சொரசொரப்பான மெல்லிய எஃகு நாடாவைப் பற்களுக்கு நடுவே விட்டு, இப்படியும் அப்படியும் இழுத்தேன். தூள் உதிர்ந்தது.

“ஊதுங்கண்ணே.”

கொஞ்சம் தெளிந்தது.

“இன்னும் கொஞ்சம்!” என்றது ஜன்னல்.

“போதும்டா, சந்து வழியா மாடு போயிரும்!” என்றான் மேளக்காரன்.

இன்னும் இழுத்தேன், ஊதச் சொன்னேன். எந்தப் பாடப்புத்தகப் படத்திலும் இல்லாத அளவு. அதைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எனக்கோ இசைக்காது கிடையாது. என் கண் தானாக உபால்தோவிடம் போனது. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தான். இவர் ஊதாவிட்டால் முதல் டிரம்பெட் அவனுடையது.

நாடாவை மறுபடி உள்ளே விட்டேன்.

“நிறுத்துங்க டாக்டரம்மா!” என்று கத்தினான். “அவரை ஊதச் சொல்லுங்க.”

எலியேசர் ஊதினார். சத்தம் கூரையில் இடித்துத் தெருவுக்குப் பாய்ந்தது. மேல்ஸ்வரம் வழுக்கிக்கொண்டு ஏறியது.

“அதான்! அதான் எங்க மச்சான்!” என்று உபால்தோ கம்பியைத் தட்டினான். “நாசமாப் போச்சு, நான் மறுபடி ரெண்டாவது.”

கழுத்தில் கட்டிய துண்டோடேயே எலியேசர் நாற்காலியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினார். உபால்தோ ஓடிப் போய் அவர் பக்கத்தில் இடம்பிடித்தான்.

“அண்ணே, பாலிஷ் பாக்கி இருக்கு! நாளைக்கு வாங்க!” என்று கத்தினேன்.

முதல் டிரம்பெட் அடியெடுத்துக் கொடுத்துவிட்டது. நான் சொன்னதைப் பெரிய மேளம் விழுங்கிவிட்டது.