மீதிச் சோப்பு

பௌர்ணமிக்கு மறுநாள் லாட்ஜில் குளியலறை கழுவுவதுதான் பெரிய வேலை. மலையைச் சுற்றி வந்தவர்கள் கால் கழுவிய மண், தண்ணீர் போகும் துவாரத்தை அடைத்திருந்தது. சாலோமி குந்தி உட்கார்ந்து கம்பியால் கிளறிக்கொண்டிருந்தாள். போன மாதம்வரை இரண்டாம் மாடி கூட வேலை பார்த்த பொன்னியுடையது. இப்போது முதல் மாடியோடு அதுவும் சாலோமிக்கு. சம்பளம் பழையதுதான்.

வந்து தங்குகிறவர்கள் விட்டுப்போகும் பாதிச் சோப்புகளை இருவருமே வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். ரூமிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்பது விதி. யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாலோமி தாமதமாக வந்தாள். வரவேற்பறையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"வழி உடுங்க, எங்கக்கா பாவத்தையெல்லாம் கழுவிட்டு வருது," என்றாள் பொன்னி. "பாத்ரூம் மட்டும் நான் கழுவணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சாலோமிக்கு முகம் எரிந்தது. நேராக மேனேஜர் அருணகிரியிடம் போய், "சார், பொன்னி ரூம்ல இருந்து சோப்பு எடுத்துட்டுப் போவுது," என்றாள். தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பொன்னியை நிறுத்திவிட்டார்கள்.

நேற்று சர்ச்சில் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். ஒருத்தரோடு மனத்தாங்கல் வைத்துக்கொண்டு அப்பம் வாங்கக்கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் சாலோமி. கால்களை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

இன்று மத்தியானம் வேலை முடிந்ததும் ஆட்டோ பிடித்து, பொன்னி வீடு இருக்கும் அடி அண்ணாமலைக்குப் போனாள். பொன்னி வாசலில் யாருக்கோ கூலிக்கு விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கோபத்துல உன்ன மாட்டிவுட்டேன் பொன்னி. நானுந்தான் எடுத்தேன். மன்னிச்சிடு."

பொன்னி நிமிரவில்லை. "இப்ப உனுக்கு மனசு லேசாயிடுச்சாக்கா?"

சாலோமி சிதறிக் கிடந்த கடலை ஒன்றைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"உங்க சாமி உன்ன மன்னிச்சி உட்டுடுவாரு. எனக்கு வேலை யாரு குடுப்பா?"

நீ மட்டும் அத்தனை பேர் முன்னால் என்னை அசிங்கப்படுத்தவில்லையா என்று சாலோமிக்கு வாய்வரை வந்தது. கண்ணை மூடி, உள்ளுக்குள் கர்த்தரைக் கூப்பிட்டாள்.

"கெளம்பு," என்றாள். "உன்ன வச்சிக்கினே மேனேஜர்கிட்ட சொல்றேன்."

லாட்ஜில் அருணகிரி போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சோப்பு நானும் எடுத்தேன். இவள மட்டும் காட்டிக் குடுத்துட்டேன். இவள சேத்துக்குங்க. இல்லன்னா என்னையும் நிறுத்திடுங்க," என்றாள் சாலோமி. மகளுடைய காலேஜ் இந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது.

அவர் சிரித்தார். "சோப்புக்கா நிறுத்துனேன்? ஆளக் கம்மி பண்ணுன்னு ஓனர் ரொம்ப நாளா சொல்லிக்கினு இருந்தாரு. யார அனுப்புறதுன்னு நான் முழிச்சிக்கினு இருந்தேன், நீயா வந்து சொன்ன." போனைக் கவிழ்த்து வைத்தார். "இப்ப ஒரு சம்பளத்துலயே ரெண்டு மாடியும் நடக்குது. அவ்ளோ பாசம்னா அதையே பங்கு போட்டுக்கங்க."

பொன்னி தரையைப் பார்த்தாள். சாலோமிக்கு அவர் முகத்தில் எதையாவது விட்டெறிய வேண்டும் போலிருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி சார்," என்றாள்.

பொன்னி அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலை பின்கட்டில் இருவரும் ஆளுக்கொரு முனையாக ஈர விரிப்பைப் பிடித்து எதிரெதிராக முறுக்கினார்கள். மஞ்சள் கலந்த தண்ணீர் இருவர் காலிலும் ஊற்றியது. மேலே ஜன்னல் திறந்தது.

"மூணாவது மாடித் துணியும் இனிமே உங்களுக்குத்தாம்மா," என்றார் அருணகிரி. "ரெண்டு பேர் இருக்கீங்கல்ல."

மூட்டை வந்து அவர்களுக்கு நடுவில் விழுந்தது.