முடிச்சுப் போடாத சரம்

ஜூனில் பிறந்தவளுக்கு முத்து, அக்டோபரில் பிறந்தவளுக்கு ஓபல் கல். பிறந்த மாதத்துக்கு ஒரு கல் என்று இந்தப் பட்டியலை எவன் எழுதினானோ, அவன் மட்டும் என் கையில் சிக்கட்டும், அப்புறம் இருக்கிறது சேதி. அவனால்தான் என் மாமியாரின் முத்துச் சரம் என் ஓரகத்தி மிசுஸுவின் கழுத்துக்குப் போனது.

ஜப்பானில் ஆகோ விரிகுடா ஓரத்தில் ஒரு முத்துப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக முத்துக் கோக்கிறேன். அந்தச் சரத்தின் ஐம்பத்து மூன்று முத்துகளையும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வேன். மிதவை போட்டுச் சிப்பி வளர்த்த என் மாமனார், பதினோரு குளிர்கால அறுவடையில் பொறுக்கிச் சேர்த்தவை அவை. குளிர்ந்த தண்ணீரில் எடுத்த முத்துக்குத்தான் அந்த மினுமினுப்பு வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதன் பட்டு நூலை மாற்றியதும் நான்தான். மாமியாருக்குக் கால் விழுந்த பிறகு ஒன்பது வருடம் குளிப்பாட்டியதும் நான்தான். நகோயாவில் பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கும் மிசுஸு, வருடத்துக்கு இரண்டு தடவை பலகாரப் பெட்டியோடு வந்து, "அத்தை, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

சாவதற்கு இரண்டு மாதம் முன்பு மாமியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"மிசுஸு, நீ ஜூன்ல பொறந்தவ. முத்து ஒன் கல்லு. நீ போட்டுக்க" என்று சரத்தை அவள் மடியில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தோகியே, நீ அக்டோபர். இந்தா, ஓபல் மோதிரம். இது ஒன்ன மாதிரியேதான். திருப்பித் திருப்பிப் பாத்தாத்தான் நெறம் தெரியும்."

அப்போது நான் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை நிற்கவில்லை. அன்றே அந்த மோதிரத்தைச் சமையலறையில் அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியில் வீசினேன். ஓபலுக்குள் ஈரம் இருக்கிறது, சூடு பட்டால் காய்ந்து விரிசல் விடும் என்று பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பவள் நான். வேண்டுமென்றேதான் அங்கே வீசினேன்.

சாவு வீட்டில் எரிச்சல் இன்னும் ஏறியது. கறுப்பு உடுப்புக்கு ஒற்றைச் சரம் முத்து இல்லாமல் எங்கள் பக்கத்துப் பெண்கள் துக்கத்துக்கு வரமாட்டார்கள். இரட்டைச் சரம் ஆகாது, துக்கமும் இரட்டிக்கும். என் கழுத்தில் கிடந்தது பட்டறையில் கழித்துப் போட்ட முத்துகளில் நானே கோத்துக்கொண்ட சரம். மிசுஸுவோ மாமனாரின் முத்தை மாட்டிக்கொண்டு, அதற்கு மேலேயே தலைக்கு ஸ்ப்ரே அடித்தாள். அந்த மருந்து ஒட்டினால் முத்தின் மினுப்பே மங்கிவிடும். பிறகு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடும்போது, வினிகர்க் காடி கலந்த சோற்றுத் தொட்டியின் மேல் சரம் தொங்கத் தொங்கக் குனிந்து கிளறினாள்.

"மிசுஸு! காடி பட்டா முத்து அரிச்சுப் போகும். கடைசியா போட்டுக்கணும், மொதல்ல கழட்டணும். கழட்டின ஒடனே மெல்லிசு துணியால தொடைக்கணும். எத்தன தடவ சொல்றது?"

"அய்யோ, மறந்தே போச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, சரத்தைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். வியர்வையும் முத்துக்கு ஆகாது. அதை நான் சொல்லவில்லை. நாசமாய்ப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியத்துக்கு ஒரு வாரம் முன்பு அவளே சரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "நூலு தொளதொளன்னு இருக்குக்கா. கோத்துக் குடுக்கிறீங்களா?"

கோத்துக் கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல சரத்தில் ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு இருக்கும். நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும். என் முடிச்சுகளை எண்ணிப் பார்த்துப் புதுப் பெண்கள் கற்றுக்கொள்வார்கள். அன்று நான் ஒரு முடிச்சும் போடவில்லை. பட்டறை ஜன்னலில் இரண்டு கோடை வெயிலைத் தின்று மொறுமொறுத்துப் போன நூலை எடுத்தேன். சும்மா மாட்டினால் தாங்கும், ஆழமாகக் குனிந்து நிமிர்ந்தால் தாங்காது. கோயிலில் எல்லார் முன்னாலும் அறுந்து உருள வேண்டும், பார், ஒரு முத்தைக்கூடக் காப்பாற்றத் தெரியாதவள் என்று ஊர் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

காரியத்தன்று கோயிலின் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மாமியாரின் தங்கை உமேனோ சித்தி, மிசுஸுவின் கழுத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"அக்கா என்ன நெனச்சு இத ஒனக்குக் குடுத்தாளோ! நீ சாவியக்கூட மாசத்துக்கு ரெண்டு தடவ தொலைக்கிறவ."

மிசுஸு சிரித்தாள். "நானும் அதத்தான் கேட்டேன் சித்தி. அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? 'தோகியே கோத்தா அறுகாது. அவ கைய நம்பித்தான் ஒன்ன மாதிரி கவனமில்லாதவகிட்ட குடுக்கிறேன். மூணு வருஷத்துக்கு ஒருதரம் அவகிட்ட எடுத்துட்டுப் போ. நான் போனதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்ல'ன்னாங்க."

டீக் கோப்பையைக் கீழே வைத்தேன். கிழவி இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? கோபம்கூட அவர் மேல்தான் வந்தது. அடுத்த நொடியே பயம் பிடித்தது.

"மிசுஸு, இங்க வா. கொக்கி சரியில்ல. கழட்டிக் குடு."

"நல்லாத்தானே இருக்கு?"

"கழட்டுன்னா கழட்டேன்!"

சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டி, காரியத்து அன்னிக்குக்கூடவா அவ கழுத்தப் பாத்து வயித்தெரிச்சல்?" என்றாள். அதற்குள் மணி அடித்தது. எல்லாரும் எழுந்து உள்ளே போனோம்.

மூத்தவன் குடும்பம் முதலில். என் கணவர் கோசாகு போய்ச் சாம்பிராணிப் பொடி இட்டுக் குனிந்துவிட்டு வந்தார். பிறகு நான். மாமியாரின் படத்துக்கு முன்னால் என்ன வேண்டிக்கொண்டேன் என்றால், இன்று மட்டும் அறுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான். பிறகு கொழுந்தன் ஷூஜி. கடைசியில் மிசுஸு.

அவள் நெற்றி தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தாள். அந்த அளவு மரியாதை அவளிடம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நிமிரும்போது சட்டென்று ஒரு சத்தம். முத்துகள் பாய் மேல் கொட்டி நாலாபக்கமும் ஓடின. மந்திரம் ஓதிய பிக்கு அதை நிறுத்தாமல் காலை மட்டும் நகர்த்திக்கொண்டார். நாங்கள் எல்லாரும் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினோம். மந்திரம் முடிந்தபோது ஐம்பத்திரண்டு இருந்தது.

நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனால் மிசுஸு என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, என்ன மன்னிச்சிடுங்க. ரயில்ல தூங்கும்போது சரம் சீட்டுல மாட்டி இழுத்துச்சு. நீங்க சொன்ன மாதிரி ஒரு தடவகூட நான் தொடைச்சதும் இல்ல. உங்க கைவேலைய நான் பாழாக்கிட்டேன்." கைக்குட்டையில் கட்டிய முத்துகளை என் கையில் வைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். அத்தை ஆள் மாத்திக் குடுத்துட்டாங்க."

"இப்பவாவது புத்தி வந்துச்சே. தோகியே கை பட்டா அறுகுமா?" என்றாள் சித்தி.

இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். கைக்குட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கோசாகு பாயிலிருந்து அறுந்த நூலை எடுத்து விரலால் ஒருமுறை உருவிப் பார்த்தார். மிதவைக் கயிற்றோடு வாழ்கிற மனுஷனுக்கு முடிச்சுப் போடாத நூல் தெரியாதா? அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, புது நூலும் ஊசியுமாக உட்கார்ந்தேன். நாலு மாதமாக என் வயிற்றை எரித்த முத்துகள் என் மேசையில் கிடந்தன. கை ஓடவில்லை. கோசாகு வந்து பழைய நூலை அவற்றின் பக்கத்தில் வைத்தார்.

"இதுவும் ஒன் கைவேலைதானே? சேத்தே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டார்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எழுந்து போய் அடுப்புக்கு மேலே கைவிட்டு ஓபலைத் தேடி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினேன். பச்சை வந்தது, சிவப்பு வந்தது, நடுவே முடியளவு ஒரு விரிசலும் இருந்தது. ஊரார் கல்லுக்கெல்லாம் வைத்தியம் சொன்னவள் என் கல்லை நானே வேகவைத்திருக்கிறேன். அப்போதுதான் அழுகை வந்தது.

போன் அடித்தது. மிசுஸு.

"அக்கா, அந்த ஐம்பத்து மூணாவது முத்து கெடச்சிடுச்சு."

"எங்க?"

"சாக்ஸுக்குள்ள." உடனே குரலைத் தாழ்த்தினாள். "பொய்க்கா. நேத்தே என் கையில கெடச்சுது. குடுக்கல. எப்பப் பாத்தாலும் அத்தை வாயில தோகியே சமைச்சா ருசி, தோகியே தேய்ச்சா சொகம். எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா? ஒண்ணே ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்னு எடுத்து வச்சுட்டேன். மனசு கேக்கல. நாளைக்கே தபால்ல அனுப்பிடறேன்."

திருட்டுக் கழுதை என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கண் மேசைக்குப் போனது. முடிச்சில்லாத நூல் அங்கேயே கிடந்தது.

"தபால்ல அனுப்பாத. நேர்ல எடுத்துட்டு வா" என்றேன். "ஐம்பத்து மூணையும் சேத்து ஒன் கழுத்துக்கு அளவு பாத்துக் கோக்கணும்."

"அக்கா! நெஜமாவா?"

"வா. அதுக்கு முன்னாடி ஒனக்கு ஒரு நூலக் காட்டணும். அதப் பாத்ததுக்கு அப்புறமும் நான் கோத்தது ஒனக்கு வேணுமான்னு சொல்லு."